இடுப்பு திரும்பவில்லை, தோள் தூக்கவில்லை: எந்த கோல்ஃப் ஸ்விங்குக்கு மாறுவது?

சென்ற மாதம் பத்து நாள் இடைவெளியில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலாமவர் என் பெரியப்பா மகன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, வயது 63, இடது முழங்காலில் தேய்மானம். "தம்பி, டாக்டர் கோல்ஃப் ஆட வேண்டாம்னு சொல்லலை, பாத்து ஆடுங்கன்னாரு. எப்படிப் பாத்து ஆடறதுன்னு கேட்டா, அதை உங்க கோச்சைக் கேளுங்கங்கறாரு" என்றார். இரண்டாமவர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர். 47 வயதுதான். கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கி, மூன்று மாதம் படுத்து எழுந்தவர். மூன்றாமவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். சர்க்கரை உண்டு. இடது தோள் இறுகிப்போய்ச் சட்டை மாட்டுவதற்கே வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

மூவரும் ஏகப்பட்ட வீடியோக்கள் பார்த்திருந்தார்கள். ஒன்றில் முக்கால் ஸ்விங் (ஸ்விங் என்பது கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, வீசிப் பந்தை அடிக்கும் அசைவு) என்கிறார்கள், இன்னொன்றில் குதிகாலைத் தூக்கு என்கிறார்கள், வேறொன்றில் எடையை இடது காலிலேயே வை என்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் முறைதான் முதுகுக்கு நல்லது என்று அடித்துச் சொல்கிறார்கள். "இதுல எதுங்க நமக்கு?" என்பதுதான் மூவரின் கேள்வியும்.

எனக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 2016-இல் செட்டிபாளையம் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வந்து, திங்கள் காலை குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. அப்போது எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த பயிற்சியாளர், இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் முழுசாகத் திருப்பச் சொல்லியிருந்தார். ஒரு வருஷம் அப்படியே ஆடினேன். அதற்குப் பிறகு கீழே வரும் நான்கு வழிகளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் இருப்பது அந்த அனுபவமும், என் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்.

எல்லாவற்றையும் வலதுகை ஆட்டக்காரரை வைத்தே சொல்கிறேன். இடதுகைக்காரர்கள் பக்கம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## வலிக்கிற இடம் ஒன்று, இறுகிய இடம் வேறு

நான் பம்பு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைக்காரன். மோட்டாரில் ஒரு பக்கத்து பேரிங் இறுகிவிட்டால் சுமை மறுபக்கத்து பேரிங்குக்குப் போகும். சூடும் சத்தமும் அங்கே வரும். சத்தம் வருகிற பேரிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் அதே மோட்டார் திரும்பப் பட்டறைக்கு வந்து நிற்கும்.

கோல்ஃப் ஸ்விங்கில் கீழ் முதுகு அந்த மறுபக்கத்து பேரிங். அங்கே உள்ள ஐந்து எலும்புகளும் சேர்ந்துகூட ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரிதான் திரும்பும். அதன் வேலை தாங்குவது. திரும்பும் வேலை மேல் முதுகுக்கும் இடுப்பு மூட்டுக்கும் உரியது. நாற்காலியிலும் காரிலும் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இரண்டும் இறுகிப்போனால், திரும்ப முடியாத கீழ் முதுகு திரும்பப் பார்க்கும். முழு வேகத்தில் டிரைவர் (அதிகத் தூரத்துக்கு அடிக்கும் நீளமான கிளப்) கொண்டு அடிக்கும்போது கீழ் முதுகில் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல 8 மடங்கு வரை போகிறது என்று அளந்திருக்கிறார்கள். இடது முழங்காலுக்கு அது 4 மடங்கைத் தாண்டும். வலது முழங்காலுக்கு அதைவிடக் குறைவு.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஸ்விங்கை மாற்றுவதால் சுமை மறைவதில்லை, ஒரு மூட்டிலிருந்து இறங்கி இன்னொன்றின் மேல் ஏறுகிறது. எந்த மூட்டு உங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறதோ அதன் மேல் ஏற்றுகிற ஸ்விங்தான் உங்களுக்கான ஸ்விங். அதைத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே கொஞ்சம் அளந்து பார்க்கலாம்.

மேல் முதுகுக்கு: நாற்காலியில் முழங்கால்களை ஒட்டி உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, இடுப்பு அசையாமல் ஒவ்வொரு பக்கமாகத் திரும்புங்கள். 45 டிகிரி, அதாவது நேருக்கும் பக்கவாட்டுக்கும் சரிபாதி, வரவேண்டும்.

இடுப்பு மூட்டுக்கு: அதே நாற்காலியில் முழங்கால்கள் ஒட்டியிருக்க, பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் விரியுங்கள். தொடை எலும்பு இப்போது உள்பக்கம் திரும்புகிறது. இடது கால் வலது காலைவிடக் குறைவாக விரிந்தால் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பந்தை அடித்து முடிக்கும்போது உடம்பு முழுவதும் இடது இடுப்பின் மேல்தான் இப்படித் திரும்புகிறது. நம் ஊரில் பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். "எனக்கு இடுப்பு நல்லா இருக்குங்க, பந்தியில சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிடறேன்" என்பார்கள். சம்மணம் தொடையை வெளிப்பக்கம் திருப்புவது. ஸ்விங் கேட்பது உள்பக்கத் திருப்பம். முன்னது நன்றாக இருந்து பின்னது சுத்தமாக இல்லாமல் இருக்கலாம். என் கதை அதுதான்.

சமநிலைக்கு: செருப்பில்லாமல் ஒற்றைக் காலில் 10 விநாடி. தடுமாறாமல் நிற்க வேண்டும்.

தோளுக்கு: சுவரில் முதுகை ஒட்டி நின்று, முழங்கையை மடக்காமல் கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். அப்புறம் இடது கையை மார்புக்குக் குறுக்கே வலது தோள் பக்கம் இழுத்துப் பாருங்கள்.

கடைசியாக, முதுகு வலிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குனிந்தால் வலிக்கிறதா, பின்னால் வளைந்தால் வலிக்கிறதா? டிஸ்க் பிதுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் குனிந்தால் வலிக்கும். முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும் நரம்புப் பாதை குறுகியவர்களுக்கும் பின்னால் வளைந்தால் வலிக்கும். இந்த ஒரு விஷயம் கீழே வரும் தேர்வையே மாற்றிவிடும்.

காலில் மரத்துப்போதல், பாதம் தொங்குதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நடக்கும்போது இடது தோளிலோ மார்பிலோ வலி வந்து, நின்றால் போகிறது என்றால் அதைத் தோள் வலி என்று நினைத்து ஆடிக்கொண்டிருக்க வேண்டாம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

எந்த மூட்டுக்கு ஓய்வு, எந்த மூட்டுக்குச் செலவு என்பது முதல் அளவுகோல். தூரம் எவ்வளவு குறையும் என்பது இரண்டாவது. பழக எத்தனை மாதம், கோயம்புத்தூர் வட்டாரத்தில் அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைப்பாரா என்பது மூன்றாவது. நம் மண்ணும் காற்றும் நான்காவது. வெளிநாட்டு வீடியோக்காரர்கள் கணக்கில் எடுக்காதது இந்த நான்காவதுதான்: சித்திரையில் நம் ஃபேர்வே (பந்து விழ வேண்டிய நடுப்பாதை) செம்மண் இறுகிக் கிடக்கும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும்.

## வழி 1: முக்கால் ஸ்விங்

பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னால் தூக்கும்போது, கையைத் தோள் உயரத்தோடு நிறுத்திவிடுவது. வேறு எதுவும் மாறாது. பழகுவதற்கு மிகச் சுலபம், எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுப்பார். நான் இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டேன்.

இது வயதானவர்களுக்கான சமாதானம் என்று யாராவது சொன்னால், ஸ்பெயின்காரர் ஜான் ராமைக் காட்டுங்கள். வலது பாதம் வளைந்து பிறந்தவர். அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு. நீண்ட பேக்ஸ்விங் எடுத்தால் நிலை தடுமாறும் என்பதால்தான் தன் ஸ்விங் குட்டை என்று அவரே விளக்கியிருக்கிறார். அந்தக் குட்டை ஸ்விங்கோடு 2021-இல் யு.எஸ். ஓபன், 2023-இல் மாஸ்டர்ஸ் என்று இரண்டு பெரிய போட்டிகளை ஜெயித்தார்.

ஓய்வு பெறுவது மேல் முதுகும் தோளும். கீழ் முதுகுக்கும் ஓரளவு நிம்மதி. தூரம் பயந்த அளவு குறையாது. என் 7-அயர்ன் (அயர்ன் என்பது இரும்புத் தலைக் கிளப், எண் குறைந்தால் தூரம் கூடும்) 140 யார்டிலிருந்து 130-க்கு வந்தது. பந்து தாழ்வாகப் போவதால் ஆடிக் காற்றில் அந்தப் பத்து யார்டு திரும்பக் கிடைத்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு கையில். குறைந்த பத்து யார்டைப் பிடிக்க, மேலே நின்ற இடத்திலிருந்து கையால் வெடுக்கென்று இழுத்து அடிப்போம். தெரிந்தே செய்வதில்லை, தானாக வரும். மூன்றாவது மாதம் இடது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்தது. இறுகிய தரையில் அந்த அதிர்வு நேராக முழங்கைக்கு வரும். கான்கிரீட் மேல் விரித்த பயிற்சிப் பாயில் இன்னும் மோசம்: கிளப் தரையில் மோதினாலும் பாய் வழுக்கிவிட்டு நல்ல ஷாட் போலக் காட்டும், கை மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கும். இந்த வழிக்கு வருகிறவர்கள் 7-அயர்ன் இடத்தில் 6-ஐ எடுக்கப் பழகுங்கள். அவ்வளவுதான் மருந்து.

தோள் ஓரளவு இறுகியவர்கள், மேல் முதுகு திரும்பாதவர்கள், வாரம் ஒருமுறைக்கு மேல் மைதானத்துக்கு வர முடியாதவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்கு இது மட்டும் போதாது, ஏனென்றால் குட்டையாக்கியது பேக்ஸ்விங்கைத்தான். பந்துக்குப் பிறகு இடது இடுப்பு திரும்ப வேண்டியது அப்படியே இருக்கிறது.

## வழி 2: குதிகாலைத் தூக்கும் பழைய முறை

என் மனசு இந்தப் பக்கம்தான் என்பதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தானாக எழும்பட்டும். இடுப்பு தோளோடு சேர்ந்து திரும்பட்டும். அடித்தபின் வலது குதிகாலும் எழுந்து, வயிறும் மார்பும் இலக்கைப் பார்த்து, உடம்பு கம்பம் போல நேராக நிற்க வேண்டும். பாபி ஜோன்ஸ், சாம் ஸ்னீட் காலத்தில் இதுதான் வழக்கம்; ஜாக் நிக்லஸும் குதிகாலைத் தூக்கியே ஆடினார். இடுப்பைக் கட்டிவைத்துத் தோளை மட்டும் திருப்பி, அந்த வித்தியாசத்தில் வேகம் எடுப்பது பிற்பாடு பரவிய பாடம். இளம் உடம்புக்கு அதில் தூரம் கிடைக்கும். ஐம்பது வயது முதுகுக்கு அது கடன்.

தோட்டத்தில் மண்கூடை மாற்றும் ஆட்களைப் பாருங்கள். ஒரு பக்கம் கூடையை வாங்கி மறுபக்கம் கொடுக்கும்போது காலை ஊன்றிவைத்துக்கொண்டு இடுப்பை முறுக்க மாட்டார்கள். பாதம் கூடவே திரும்பும், குதிகால் எழும்பும். நாள் முழுக்க அந்த வேலை செய்யும் உடம்பு தானே கண்டுபிடித்த வழி அது. மைதானத்தில் பை தூக்கி வரும் கேடி ஒருவர் எனக்குச் சொன்னதும் இதுதான். "காலைக் கட்டி வெச்சுட்டு ஏனுங்க முதுகைத் திருப்பறீங்க? கால உடுங்க, அது பாட்டுக்கு வரும்" என்றார். என் பை தூக்கிக்கொண்டு நாலைந்து வருஷமாக என் முதுகைப் பார்த்து வந்தவர். பணம் கொடுத்து வாங்கிய பாடங்களைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு உதவியது.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டியது பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது. இடது பாதம் இலக்கைப் பார்த்து 30 டிகிரி திரும்பியிருந்தால், இடது இடுப்பு உள்பக்கம் திரும்ப வேண்டிய அளவு அவ்வளவு குறையும். முழங்காலின் முறுக்கும் குறையும். அதுவும் போதாதவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் செய்வது போல, அடித்த வேகத்திலேயே வலது காலை எடுத்து இலக்கை நோக்கி ஓர் அடி வைத்துவிடலாம். பார்க்கப் புதுசாக இருக்கும். முதுகு அதற்கு நன்றி சொல்லும்.

கீழ் முதுகுக்கு நான் கண்ட வழிகளில் அதிக ஓய்வு தருவது இது. இடுப்பு இறுகியவர்களுக்கும் பொருந்தும். தூரம் குறையாது, எனக்குக் கொஞ்சம் கூடவே செய்தது.

செலவு எங்கே? சமநிலையில். எழுந்த குதிகால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறங்க வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளி இறங்கினால் பந்து எங்கோ போகும். முதல் இரண்டு மாதம் என் ஸ்கோர் படுமோசம். ஒற்றைக்கால் சோதனையில் தடுமாறியவர்களுக்கும், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தவர்கள் கால்விரல் நுனியில் நின்று முட்டியை உள்ளே சாய்த்துத் திருப்புவதும் நல்லதில்லை. அவர்கள் பாதத்தைத் திருப்பி நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். இன்னொன்று, ஊட்டிக்கும் வெலிங்டனுக்கும் ஆடப் போகிறவர்கள் அங்கே சரிவில் நின்று குதிகாலைத் தூக்க வேண்டாம். சரிவில் மட்டும் வழி 1-க்கு மாறிவிடுங்கள். குளிர்ந்த காலையில் முதுகு இறுகியிருக்கும் என்பதால் அங்கே அதுவே பத்திரம்.

## வழி 3: ஒரே தள ஸ்விங்

கனடாவின் மோ நார்மன் ஆடிய முறை. 1929-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். பந்தை நேராக அடிப்பதில் அவரைப் போல ஆள் இல்லை என்று சக ஆட்டக்காரர்களே சொன்னவர். கால்களை நன்றாக அகட்டி, கைகளை உடம்பிலிருந்து தள்ளி நீட்டி, கையும் கிளப்பும் ஒரே கோடாக இருக்கும்படி நிற்பார். நிற்கும்போது இருந்த அதே கோட்டில் பந்துக்குத் திரும்பி வருவதால், நடுவில் உடம்பு நிமிர்ந்து எழ வேண்டியதில்லை. இன்றைக்கு பிரைசன் டிஷாம்போ இதன் ஒரு வடிவத்தில் ஆடி 2020, 2024 ஆண்டுகளில் யு.எஸ். ஓபன் ஜெயித்திருக்கிறார். அவருடைய அசுர வேகத்தைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். கோட்டை மட்டும் பாருங்கள்.

முதுகு பின்னால் வளைந்து முடிவது இதில் குறைவு. ஆகவே பின்னால் வளைந்தால் வலிக்கிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. அடிக்கும் நொடியில் இடது முழங்கால் மடங்கியே இருப்பதால் அது வெடுக்கென்று நிமிர்வதும் இல்லை. ஆனால் மடங்கிய முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. தொடை வலுவில்லாதவருக்கு 12-ஆவது குழியில் அது தெரிய ஆரம்பிக்கும்.

நான் நான்கு மாதம் முயன்றேன். என்னை நிறுத்தியது தோள். கையை நீட்டியே வைத்திருப்பதால் இடது தோளின் பின்பக்கம் எப்போதும் இழுத்துக்கொண்டிருந்தது. கிளப்பை விரல்களில் பிடிப்பதற்குப் பதில் வலது உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். முப்பது வருஷப் பிடியை மாற்றுவது லேசில்லை. மணிக்கட்டு குறைவாக வேலை செய்வதால் தூரமும் குறைந்தது. சொல்லிக் கொடுக்க இங்கே எனக்கு ஆள் அமையவில்லை. வீடியோ பார்த்தே பழக வேண்டியிருந்தது. நானே செய்த தப்பை நானே ஆறு வாரம் பழகியிருக்கிறேன்.

இப்போதுதான் ஆட வருகிறவர், பழைய பழக்கம் எதுவும் இல்லாதவர், தோள் இரண்டும் நன்றாக இருப்பவர் என்றால் நான் இதைச் சொல்வேன். விரல் மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்கு உள்ளங்கைப் பிடி சுகமாக இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

## வழி 4: எடையை இடது காலிலேயே வைப்பது

ஆங்கிலப் பெயரிலேயே ஸ்டாக் அண்டு டில்ட் என்று எல்லாரும் சொல்வது. மைக் பென்னட், ஆண்டி பிளம்மர் என்ற இரு அமெரிக்கப் பயிற்சியாளர்கள் 2007 வாக்கில் பிரபலமாக்கினார்கள். பேக்ஸ்விங்கில் எடை வலது காலுக்குப் போகாது. தலையும் மார்பும் பந்தின் மேலேயே இருக்கும், வலது கால் கொஞ்சம் நிமிரும், இடது முழங்கால் மடங்கும். அடிக்கும்போது இடுப்பு முன்னும் மேலுமாகத் தள்ளி, உடம்பு பின்னால் நீளும்.

பக்கவாட்டில் ஆடுவது இல்லாததால் பந்து சுத்தமாகப் படும். இறுகிய செம்மண்ணில் இது பெரிய லாபம்: கிளப் தரைக்கு முன் பந்தில் படுவதால் முழங்கை பிழைக்கும். வலது முழங்கால் அல்லது வலது இடுப்பு கெட்டவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. சமநிலை குறைந்தவர்களுக்கும் உதவும்.

செலவு முழுவதும் இடது பக்கம். இடது முழங்கால், இடது இடுப்பு இரண்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சுமக்கும். முதுகு பின்னால் நீள்வதால், குனிந்தால் மட்டும் வலிக்கிற டிஸ்க்காரர்களில் சிலருக்கு இது ஒத்துவரும். பின்னால் வளைந்தால் வலிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ஒரே முதுகு வலி என்று இருவரும் சொல்வார்கள். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குக் கெடுதல்.

## ஒரே பார்வையில்

| | முக்கால் | குதிகால் தூக்குவது | ஒரே தளம் | இடது காலில் எடை |
|---|---|---|---|---|
| ஓய்வு பெறுவது | தோள், மேல் முதுகு | கீழ் முதுகு, இடுப்பு | பின்னால் வளையும் முதுகு, விரல்கள் | வலது முழங்கால், வலது இடுப்பு |
| சுமப்பது | முழங்கை, மணிக்கட்டு | சமநிலை, கணுக்கால் | இடது தோள், தொடை | இடது முழங்கால், இடது இடுப்பு |
| தூரம் (என் கையில்) | கொஞ்சம் குறைந்தது | குறையவில்லை | குறைந்தது | பெரிய மாற்றமில்லை |
| பழகும் காலம் | 2 வாரம் | 2 முதல் 3 மாதம் | 6 மாதமாவது | 3 மாதம் |
| இறுகிய தரை | சுமார் | சுமார் | நல்லது | மிக நல்லது |
| ஆடிக் காற்று | மிக நல்லது | சுமார் | நல்லது | நல்லது |

## ஸ்விங்கைத் தொடாமல் கிளப்பை மாற்றினால்?

இது ஐந்தாவது வழி இல்லை, நான்கோடும் சேர்த்துச் செய்யவேண்டியது. கிரிப்பை (கிளப்பின் கைப்பிடி உறை) தடிமனாக மாற்றுவது மிகக் குறைந்த செலவு. விரல் மூட்டுக்காரர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். இரும்பு ஷாஃப்ட்டிலிருந்து (கிளப்பின் தண்டு) கிராஃபைட்டுக்கு மாறினால் எடையும் குறையும், அதிர்வும் குறையும். ஆனால் செட் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் ஆகும், அதற்குப் பழகவும் நாள் ஆகும். 3, 4 அயர்ன்களை எடுத்து வைத்துவிட்டு ஹைப்ரிட் (அயர்னைவிட எளிதாகப் பந்தைத் தூக்கும் கிளப்) வாங்குங்கள், அது ஒன்று போதும் முதல் வருஷத்துக்கு. முன்பக்க டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) ஆடத் தயங்க வேண்டாம். நம்மவர்களுக்கு இதில் கௌரவம் குறுக்கே வருகிறது. பத்து வருஷம் கூட ஆட முடிந்தால் எந்த டீயிலிருந்து ஆடினோம் என்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

காரிலிருந்து இறங்கி நேராக டிரைவரை எடுப்பதையும் நிறுத்த வேண்டும். திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த இடுப்பு, இறங்கிய உடனே திரும்பாது. கால் மணி நேரம் நடந்து, குட்டையான கிளப்பில் பத்து ஷாட் தட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

## கையே நீளாதவர்களுக்கு

இடது கையை நேராக வைக்க வேண்டும் என்பதை வேதம் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முழங்கை உடைந்து சேர்ந்தவர்கள், மடங்கியே நின்றுவிட்டவர்கள் இதைக் கேட்டு மனம் விட்டுப்போகிறார்கள். கால்வின் பீட் என்ற அமெரிக்கர் சிறுவயதில் இடது முழங்கை உடைந்து, கடைசி வரை அதை நேராக்க முடியாதவர். அந்தக் கையோடு அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் 12 பட்டங்கள் வென்றார். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து வருஷம், ஃபேர்வேயில் பந்தை வைக்கும் துல்லியத்தில் அந்த டூரிலேயே முதலிடம். அவருக்கும் முன்பு எட் ஃபர்கோல், வளைந்து சூம்பிய இடது கையோடு 1954 யு.எஸ். ஓபன் ஜெயித்தார். மடங்கிய கை எப்போதும் ஒரே அளவு மடங்கியிருந்தால் பந்துக்கு அது போதும். அடிக்கும் நேரத்தில் அதை நீட்ட முயல்வதுதான் தவறு. வழி 2-இல் உடம்பு நன்றாகத் திரும்புவதால் மடங்கிய கைக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

விதிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன நான்கில் எதற்கும் தடை இல்லை. 2023-இலிருந்து கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே 25-ஆவது விதி, கை கால் இழந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள், சக்கர நாற்காலியில் ஆடுபவர்கள் போன்றோருக்கான மாற்றங்களைச் சேர்த்திருக்கிறது.

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

பொள்ளாச்சி அண்ணனுக்கு இடது முழங்கால் தேய்மானம், ஒற்றைக்காலில் ஆறு விநாடிதான் நிற்கிறார், இடுப்பு மட்டும் அருமையாகத் திரும்புகிறது. வழி 4 அவருக்கு ஆகாது. குதிகாலைத் தூக்கவும் சொல்லவில்லை. இடது பாதத்தை நன்றாகத் திருப்பி நின்று முக்கால் ஸ்விங், அடித்தபின் கேரி பிளேயர் போல ஓர் எட்டு. நடப்பதைக் குறைக்கக் கார்ட். "நடந்துகிட்டே அடிக்கறனே, யாராச்சும் சிரிப்பாங்களா?" என்றார். நாலு பந்து அடித்துக் காட்டிய பிறகு கேட்கவில்லை.

திருப்பூர் நண்பருக்குக் குனிந்தால்தான் வலி. இடது இடுப்பு என்னுடையதைப் போலவே இறுகியிருக்கிறது. அவர் வழி 4-இல் மயங்கியிருந்தார். முதுகைப் பார்த்தால் ஒத்துவரும்தான், ஆனால் இறுகிய அந்த இடது இடுப்பு 18 குழி சுமக்காது. சுமக்காவிட்டால் பாரம் மறுபடி முதுகுக்கே வரும். வழி 2, பாதம் திருப்பி, முதல் மூன்று மாதம் டிரைவர் இல்லாமல். டிரைவரைப் பற்றிச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. டைகர் உட்ஸ் 2017-இல் முதுகெலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மாதக்கணக்கில் முழு ஸ்விங் இல்லாமல் இருந்துவிட்டுத்தான் 2019 மாஸ்டர்ஸ் ஜெயித்தார் என்று சொன்னேன். அதற்குப் பிறகே சம்மதித்தார்.

வங்கி மேலாளருக்கு நான்கில் எதையும் சொல்லவில்லை. இறுகிய தோள் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருவது. வலிக்கும் காலம், இறுகும் காலம், விடும் காலம் என்று ஒன்றிலிருந்து மூன்று வருஷம் எடுத்துக்கொண்டு பெரும்பாலும் அதுவே தளரும். இப்போது ஒரு ஸ்விங்கைப் பழகினால் தளர்ந்தபிறகு அது தேவைப்படாது. "அப்ப நான் வீட்டுலயே உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டார். வேண்டியதில்லை. பட்டிங்குக்கு (குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பந்தை உருட்டுவது) தோள் தூக்க வேண்டாம், இருபது யார்டு சிப்புக்கும் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து மெல்லத் தட்டுவது) வேண்டாம். பிசியோதெரபியும் சர்க்கரைக் கட்டுப்பாடும் ஒரு பக்கம் நடக்க, செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கிரீன் பக்கம் வந்துவிடுகிறார். போன வாரம் ஆறடி பட்டில் பத்துக்கு ஏழு போட்டார், என்னுடையது ஐந்து.